26 ஜெர்சி, 11 இடம்: 13 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் யாருக்கு எத்தனை நிமிடம்?

மே 24: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தாயின் கேள்வி

"என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. 13 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்திருக்கிறோம். அணியில் 26 பிள்ளைகள். எல்லோரும் ஒரே தொகைதான் கட்டுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடைசி நான்கு நிமிடம் இறக்கினார்கள். பந்து அவன் காலுக்கு ஒருமுறைகூட வரவில்லை. போட்டி அணி என்றால் அப்படித்தான், திறமை இருப்பவன் ஆடட்டும் என்கிறார் என் கணவர். கோச்சிடம் கேட்கலாமா? கேட்டால் இருக்கிற நான்கு நிமிடமும் போய்விடுமா?"

மே 24, இரவு

கேட்க வேண்டும். ஆனால் "என் மகனை ஏன் இறக்கவில்லை" என்று தொடங்கினால் பேச்சு அவனுடைய திறமையைப் பற்றியதாகத் திரும்பிவிடும். அந்தப் பேச்சில் எப்போதும் கோச் சொல்வதுதான் நிற்கும். "26 பேரை ஏன் சேர்த்தீர்கள், இந்தப் பருவத்தில் மொத்தம் எத்தனை ஆட்டம்" என்று கேளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். இந்த வயதுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் அரை மணி நேரம் வீதம் இரண்டு பாதி. அறுபது நிமிடம், பதினொரு இடம், ஆக 660 நிமிடம். கோச்சின் கையில் இருப்பது அவ்வளவுதான். கோல்கீப்பர் முழு நேரமும் நிற்பதாக வைத்தால் மிச்சம் 600. அணியில் 16 பேர் இருந்தால் மற்ற பதினைந்து பேருக்கும் ஆளுக்கு 40 நிமிடம் வரும். 18 பேர் என்றால் 35 நிமிடம். 26 பேர் என்றால் 24 நிமிடம். அதுவும் ஒருவருக்கும் கூடுதலாகத் தராமல் சரிசமமாகப் பிரித்தால்தான். முதல் பதினொருவரைக் கடைசிவரை ஆட விட்டால் மிச்சமுள்ள பதினைந்து பிள்ளைகளுக்கும் பூஜ்யம்.

உங்கள் மகனின் நான்கு நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முடிவானதல்ல. பணம் வாங்கிக்கொண்டு இருபத்தாறாவது பெயரை எழுதிய அன்றே முடிவாகிவிட்டது.

மே 25

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டார அணிகளின் ஜெர்சிக்கு எண் ஒட்டும் வேலை என் கடைக்கு வரும். ஓர் அணி எவ்வளவு பெரியது என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முன்பெல்லாம் 16, 18 என்று வந்த ஆர்டர் இப்போது 25, 28 என்று வருகிறது. எண் ஒட்டும்போதே, இதில் எத்தனை ஜெர்சியில் மண் படும் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இரண்டு மகன்கள். இளையவன் இப்போது முதல் பதினொன்றில் ஆடுகிறான். பெரியவன் ஓர் அணியில் ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தவன். எந்த அணி என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருமுன் தெருக்குழாயில் தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு வருவான். வியர்வை என்று அவன் அப்பா நம்ப வேண்டும் என்பதற்காக. துவைக்கும்போது எனக்குத் தெரியும், அந்தத் துணியில் உப்பே இருக்காது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் விட்டுவிட்டான். இப்போது பந்து என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று சொல்லவில்லை. நடுத்தரமாக ஆடுபவன்தான். நடுத்தரமாக ஆடுகிற பிள்ளைக்கும் ஆட இடம் வேண்டும் என்கிறேன்.

மே 27

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அண்ணன்) எழுதியிருப்பது: "இது பொழுதுபோக்கு அணி இல்லை. கோப்பைக்கு ஆடுகிறோம். உலகக் கோப்பையிலேயே ஐந்து பேரைத்தான் மாற்றலாம். வெளியே உட்கார்ந்து கற்றுக்கொள்வதும் பயிற்சிதான்."

காக்கா, அந்த ஐந்து பேர் விதி பெரியவர்களின் உயர்நிலைப் போட்டிகளுக்கானது. கொரோனா காலமான 2020இல் தற்காலிகமாக வந்து 2022இல் நிரந்தரமானது. அதே விதிப்புத்தகம், இளையோர் ஆட்டத்திலும் அடிமட்ட ஆட்டத்திலும் வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாம் என்று தேசிய சங்கம் அனுமதிக்க இடம் தருகிறது. ஆட்ட நேரத்தைக் குறைத்துக்கொள்ளவும் இடம் தருகிறது. பிள்ளைகளின் ஆட்டம் வேறு என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நம் ஊர்ப் போட்டி நோட்டீசில் மட்டும் "மூன்று மாற்று ஆட்டக்காரர்கள் மட்டும்" என்று அச்சடிக்கிறோம். ஏன் மூன்று என்று கேட்டால், போன வருட நோட்டீசில் அப்படி இருந்தது என்கிறார்கள்.

உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்பது ஓரளவுக்கு உண்மை. பத்து நிமிடம் வெளியே நின்று எதிரணியின் இடது பக்கம் எங்கே திறக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போகிறவன் கற்றுக்கொள்வான். உள்ளே போகப் போவதில்லை என்று தெரிந்தவன் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்களே ஒருநாள் கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.

மே 28

வெளிநாட்டில் எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஏ.ஒய்.எஸ்.ஓ. என்றொரு இளையோர் கால்பந்து அமைப்பு 1964 முதல் இருக்கிறது. எல்லோரும் ஆட வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் கொள்கை. ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம். அது போட்டி அணிகளுக்கான அமைப்பு அல்ல என்று காக்கா சொல்லக்கூடும், அது சரிதான். அங்கேயும் போட்டி அணிகளில் இதே சண்டை ஓயாமல் நடக்கிறது. ஆனால் அந்த நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அளவுகளைப் பாருங்கள். 12 வயது வரை பதினொருவர் ஆட்டமே கிடையாது. 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது பேர் ஆட்டம், அணியில் அதிகபட்சம் 16 பேர். 9, 10 வயதுக்கு ஏழு பேர் ஆட்டம், அதிகபட்சம் 12 பேர். இங்கிலாந்திலும் பதின்மூன்றுக்குக் கீழே பதினொருவர் ஆட்டம் கிடையாது.

நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. குழந்தைகளின் விளையாட்டு உரிமை என்று 1987இல் விதி எழுதி, 2007இல் திருத்தினார்கள். பதினொரு வயது வரை புள்ளிப் பட்டியல் கிடையாது. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. அப்படி வளர்த்த நாடுதான் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பிடித்தது. கீழே எல்லோரையும் ஆட விட்டால் மேலே தரம் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் 2018இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கோல்டன் பேபி லீக் என்று சிறுவர்களுக்குச் சிறிய மைதானம், குறைந்த ஆட்கள் என்ற முறையைத் தொடங்கியது. நம் கடற்கரையில் அது எத்தனை ஊருக்கு வந்தது என்று யாராவது எழுதுங்கள்.

மே 30

நிமிடத்தை மட்டும் எண்ணினால் போதாது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தீவில் ஆடியவர்களுக்குத் தெரியும், ஒரு பாதி காற்றோடு, மறுபாதி காற்றுக்கு எதிராக. எதிர்ப்பாதியில் கோல்கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. சில சமயம் திரும்பி அவன் கைக்கே வரும். கண்ணெல்லாம் மணல்.

பெரும்பாலான அணிகள் முதல் பாதியைக் காற்றோடு ஆடத்தான் விரும்புகின்றன. டாஸ் ஜெயித்தால் அந்தப் பக்கம்தான். நல்ல ஆட்டக்காரர்கள் முதல் பாதியில் மூன்று கோல் போட்டுவிடுவார்கள். பிறகு "வாய்ப்புக் கொடுக்கிறோம்" என்று வெளியே இருந்தவர்களை இரண்டாம் பாதியில் காற்றுக்கு எதிரே இறக்குவார்கள். அந்தப் பிள்ளை ஆட்டத்தைத் தொடங்கியதே இல்லை, காற்றோடு ஆடியதே இல்லை, முன்களத்தில் நின்றதே இல்லை. எப்போதும் வலது பின்களம், எப்போதும் மணல். பத்து நிமிடத்தில் இரண்டு தவறு செய்வான். "பார்த்தீர்களா, இதனால்தான் இறக்கவில்லை" என்பார்கள்.

இளையவன் அணியில் நேரம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிமிடம், எந்தப் பாதி, எந்த இடம் மூன்றையும் எழுதுகிறேன். இரண்டு ஆட்டம் எழுதிக் காட்டியதுமே எங்கள் கோச்சுக்குப் புரிந்துவிட்டது. ஒதுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஆட்டத்தின் சூட்டில் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கோச்சிடம் நேரடியாகப் பேசத் தயங்கும் பெற்றோருக்கு என் யோசனை: நேரம் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

மே 31

அந்த நோட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்கிறீர்கள். பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, போட மாட்டேன்.

ஜூன் 3

"கோச்சை மட்டும் குறை சொல்கிறோமே, கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களை?" என்று பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில்தான் நம் பக்கத்துப் போட்டிகளில் பாதி நடக்கின்றன. அப்பாக்கள், சித்தப்பாக்கள், மாமன்கள் எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள். வருடம் முழுக்க மகன் ஆடுவதைப் பார்க்காத மனிதர் வந்து நிற்கிறார். அவருக்கு முன்னால் மகன் ஆட வேண்டும், அணியும் ஜெயிக்க வேண்டும், இரண்டும் இன்றே நடக்க வேண்டும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், என் கணவரும் அங்கேதான் நிற்கிறார். ஆனால் அதே கூட்டம்தான் ஒரு கோல் வாங்கியதும் "அவனை எடு, அவனை எடு" என்று கத்துகிறது. யாரை எடுக்கச் சொல்கிறார்களோ அவனுடைய அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்.

இன்னொன்று பணம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதில்தான் அரிசி, அதில்தான் ஜூன் மாதப் பள்ளிச் செலவு, அதில்தான் ஜெர்சிக்கும் வேன் வாடகைக்கும் பங்கு. ஆடுகிறவனுக்கும் உட்காருகிறவனுக்கும் வேன் பங்கு ஒன்றுதான். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தில் ஆட்டம் என்றால் தீவிலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அவ்வளவு தூரம் கூட்டிப்போய் ஒரு பிள்ளையை முழு நேரமும் வெளியே உட்கார வைத்துத் திரும்பக் கூட்டிவருவதை என்னால் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை. இறக்க மாட்டோம் என்று முன்பே தெரிந்தால் முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள். அவன் வீட்டில் இருக்கட்டும், அந்த வேன் காசாவது மிஞ்சும்.

ஜூன் 8

உச்சிப்புளிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் ஒரு மாஸ்டர் நீளமாக எழுதியிருக்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட பதில் அதுதான். சுருக்கம்: "நுழைவுக் கட்டணம் கட்டி நாக் அவுட் போட்டிக்குப் போகிறோம். முதல் ஆட்டத்தில் தோற்றால் வேன் திரும்ப வேண்டியதுதான். எல்லோரையும் இறக்கித் தோற்றால், இரண்டாவது ஆட்டம் இருந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாய்ப்பை மூடுகிறேன். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?"

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் சொல்வது சரி, அதனால் என் பேச்சையும் கொஞ்சம் நகர்த்துகிறேன். பெயர்ப் பட்டியல் பெரிதாக இருப்பது பாதிக் காரணம்தான். மறுபாதி, ஆட்டம் குறைவாக இருப்பது.

16 அணிகள் நாக் அவுட் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. அதிகம் ஆடத் தேவைப்படும் பலவீனமான அணிக்குத்தான் குறைவான ஆட்டம் கிடைக்கிறது. எட்டு ஊர்கள் மட்டும் சேர்ந்து லீக் முறையில் ஆளுக்கொரு முறை மோதினால் 28 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் ஏழு. ஓர் ஆட்டம் போனால் அடுத்த வாரம் இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தால் கோச்சின் கை தளரும். பயந்த கோச் பதினொருவரைத்தான் நம்புவார். போட்டி நடத்தும் முறையே அவரைப் பயமுறுத்துகிறது என்றால் அவரிடம் மட்டும் கேள்வி கேட்டு என்ன பயன்?

பள்ளிப் போட்டிகளும் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று இதே நாக் அவுட் பாதைதான். 1960இல் தொடங்கிய, பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பைக்குப் போகும் கனவு எல்லாப் பள்ளிக்கும் இருக்கிறது, இருக்கட்டும். அந்தப் பாதையில் முதல் சுற்றிலேயே தோற்கும் பள்ளியின் பிள்ளைகள் அந்த வருடம் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று மாஸ்டரே எண்ணிச் சொல்லட்டும்.

ஜூன் 9

மாஸ்டரின் பதில்: "ஒன்று."

ஜூன் 17

தடைக்காலம் முடிந்தது. திங்கள், புதன், சனி என்று விசைப்படகுகள் போகத் தொடங்கிவிட்டன. மைதானத்தில் ஆள் குறைகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் சிலர் அப்பாவோடு கடலுக்குப் போகிறார்கள். சின்னப் பையன்கள் படகு கரைக்கு வரும் காலையில் மீன் பிரிக்க நிற்கிறார்கள். இப்போது திடீரென்று வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆட்டம் கிடைக்கிறது. மண்டபத்து அக்கா, உங்கள் மகனுக்கும் இந்த மாதம் நேரம் கூடும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் இதோடு சேர்ந்து வரும் ஒரு விதி எனக்குப் பிடிக்கவில்லை: "பயிற்சிக்கு வராதவனுக்கு ஆட்டம் இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வருகிறவன் ஆட வேண்டும், நானும் அதையே சொல்வேன். ஆனால் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்காமல் கோடு போடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்பாவின் படகை இலங்கைக் கடற்படை பிடித்துப்போன வாரத்தில் பயிற்சிக்கு வரவில்லை. அம்மாவோடு ஒவ்வோர் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்தான். அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இடம் இல்லை, வருகைப் பதிவு போதவில்லை என்றார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சொல்லாமல் வராதவன் வேறு, காரணம் சொல்லிவிட்டு வராதவன் வேறு. இதை எழுதி வைத்துக்கொள்ள ஒரு வரி போதும்.

ஜூன் 21

தொண்டியிலிருந்து ஒருவர்: "என் மகன் உயரம் குறைவு. டிசம்பரில் பிறந்தவன். ஒரே அணியில் ஜனவரியில் பிறந்த பையன் ஒரு தலை உயரம் கூட."

அண்ணன், இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆட் டுடிங்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1994இல் நேச்சர் இதழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். வயதுப் பிரிவு எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அதற்கு அடுத்த சில மாதங்களில் பிறந்தவர்கள்தான் கால்பந்து அணிகளில் அதிகம் இருக்கிறார்கள் என்று காட்டினார். வேறு விளையாட்டுகளிலும் இதையே கண்டிருக்கிறார்கள். ஜனவரி 1 கோடு என்றால் ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்பது உடம்பில் பெரிய வித்தியாசம். பெரியவனாக இருப்பதைத் திறமை என்று எடுத்துக்கொண்டு அவனுக்கு நிமிடம் தருகிறோம். நிமிடம் கிடைத்ததால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிறான். மற்றவன் பதினாறு வயதில் வளர்ந்து வரும்போது மைதானத்தில் இல்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக மே, ஜூன் என்று ஏதோ ஒரு தேதி கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்பு அதிகம். சான்றிதழில் இருக்கும் வயதும் உடம்பின் வயதும் ஒன்றாக இருக்காது. அதனால் சான்றிதழைப் பார்த்துச் சண்டை போடுவதைவிட, சின்ன உடம்புக்காரனுக்கும் குறைந்தபட்ச நேரம் உறுதி என்று வைப்பது சுலபம்.

ஜூன் 22

"பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே" என்று தேவிபட்டினத்து அக்கா கேட்கிறார்.

அக்கா, அவர்களுக்கு வெளியே உட்காரும் பிரச்சினை இல்லை, பதினொரு பேர் சேர்வதே பிரச்சினை. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இல் தேசிய சாம்பியன். அந்தச் செய்திகள் வந்த நாட்களில் என் கடைக்கு வந்து சின்ன அளவு ஜெர்சி கேட்ட சிறுமிகள் உண்டு. அவர்களுக்கு அணி இல்லை. இதற்குத் தனி இழையே திறக்கலாம், திறந்தால் நானும் வருகிறேன்.

ஜூலை 5

மண்டபத்து அக்கா கோச்சிடம் பேசிவிட்டார். அவர் எழுதியதைப் படித்தபோது மனம் நிறைந்தது. கோச் கோபப்படவில்லையாம். "26 பேரை நானாகச் சேர்க்கவில்லை, நிர்வாகம் சேர்த்தது, வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை" என்றாராம். அந்த மனம் நல்ல மனம்தான். சேர்த்த பிறகு ஆட இடம் தர வேண்டும் என்பதுதான் மிச்ச வேலை.

அணியை இரண்டாகப் பிரிப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 26ஐ 13, 13 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் கோல்கீப்பர் போக 12 பேர், 600 நிமிடம், ஆளுக்கு 50. ஒரே எதிரணி ஊர், ஒரே வேன், அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். அல்லது மைதானத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒன்பது பேர் ஆட்டம் இரண்டை ஒரே நேரத்தில் நடத்தலாம். அப்போது 26 பேரில் 18 பேர் எந்நேரமும் உள்ளே இருப்பார்கள், ஆளுக்கு 40 நிமிடத்துக்கு மேல் வரும். பன்னிரண்டு வயதுக்கு அந்தச் சின்ன மைதானமே பொருத்தம். முழு மைதானத்தில் பாதிப் பேர் பந்தைத் தொடாமலே ஓடுகிறார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் கெட்டுப்போகிறது. நல்லவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று ஏ, பி பெயர் வைத்தால் பி அணி பத்து கோல் வாங்கும், அடுத்த மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள். இரண்டிலும் ஒரு நல்ல கோல்கீப்பர், நடுப் பின்களத்தில் திடமான ஒருவன், நடுக்களத்தில் பந்து பிரிக்கத் தெரிந்த ஒருவன் என்று வையுங்கள். மற்றவர்களைக் கலந்து போடுங்கள். இரண்டாவது கோல்கீப்பர் கிடைப்பதுதான் கஷ்டம், இப்போதே ஒருவனைப் பழக்குங்கள்.

ஜூலை 14

கீழக்கரை காக்கா மறுபடியும்: "அப்படியானால் பதினெட்டு வயதிலும் எல்லோருக்கும் சம நேரமா?"

இல்லை காக்கா. சம நேரம் என்று மே மாதத்தில் பேசத் தொடங்கினேன். இத்தனை பேர் எழுதியதைப் படித்த பிறகு இப்போது எனக்குச் சரியென்று படுவது வேறு. பன்னிரண்டு வரை சம நேரம். பதின்மூன்றிலிருந்து பதினைந்து வரை, பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் ஓர் அடிமட்ட நேரம், ஒரு பாதிக்குக் குறையாமல். அதற்கு மேலே உள்ளதைக் கோச் தன் விருப்பப்படி கொடுக்கட்டும். உழைப்பவனுக்கும் திறமைசாலிக்கும் அதிகம் போகட்டும், அதை எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். பதினாறுக்கு மேல் கோச்சின் தீர்ப்பு. ஆனால் பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவனையும் தனியாக அழைத்து, உனக்கு இந்த வருடம் எவ்வளவு கிடைக்கும் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். வேறு அணிக்குப் போக விரும்பினால் போகலாம்.

ஒரு பாதி என்றால் அணியில் 21 பேருக்கு மேல் இருக்க முடியாது. கோல்கீப்பர் ஒருவன், மற்ற பத்து இடத்துக்கு இருபது பேர். அதற்கு மேல் சேர்த்தால் வாக்கைக் காப்பாற்ற முடியாது. ஜெர்சி ஆர்டர் 22ஐத் தாண்டினால் இனி நான் கேட்கத்தான் போகிறேன்: இரண்டாவது அணி எங்கே?

ஜூலை 16

21, 22 குழப்பத்துக்கு விளக்கம்: இருபத்திரண்டாவது ஜெர்சி மாற்றுக் கோல்கீப்பருக்கு. அவனும் ஒரு பாதி நிற்க வேண்டும்.

ஜூலை 27

மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. தீவிலும் கரையிலுமாக எட்டு ஊர்களிடம் பேசியிருக்கிறார். ஞாயிறு காலை லீக், ஏழு வாரம், ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். கோப்பைக்குச் செலவில்லை, எல்லோருக்கும் சான்றிதழ். நடுவர்கள், அந்த ஆட்டத்தில் ஆடாத ஊரின் மூத்த ஆட்டக்காரர்கள். 13 வயதுக்குட்பட்டோர், ஒன்பது பேர் ஆட்டம், பட்டியலில் அதிகபட்சம் 16. வெளியே வந்தவன் மறுபடி போகலாம். நேரத்தை எதிரணித் தாய்மார்களில் ஒருவர் எழுதுவார். ஆறு ஊர்கள் ஒப்புக்கொண்டுவிட்டன.

மிச்சம் இரண்டு ஊர்கள் தயங்குவது ஒரே இடத்தில். எல்லோருக்கும் ஒரு பாதி என்ற விதி கடைசி வாரம், முதலிடம் யாருக்கு என்று முடிவாகும் ஆட்டத்துக்கும் உண்டா? அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் விலக்குக் கேட்கிறார்கள். தரக் கூடாது என்பது என் கருத்து. ஆறு வாரம் எல்லோரையும் ஆட விட்டு ஏழாவது வாரம் உட்கார வைத்தால், முந்தைய ஆறு வாரமும் நம்பிக்கையால் கொடுத்ததல்ல என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். மாஸ்டர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறார், எட்டு ஊர் சேர்வது முக்கியம் என்கிறார். வரும் ஞாயிறு மாலை பாம்பனில் பேச்சு. கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கருத்து இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள், அச்செடுத்துக் கொண்டு போகிறேன்.